அலமாரிக்குள் ஒரு கீரைப்பாத்தி

மட்டாஞ்சேரியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு வீட்டின் முன்னால் தெரு, பின்னால் அடுத்த வீட்டுச் சுவர். இடையில் ஒரு தொட்டிச் செடி வைக்க இடம் கிடைத்தால் அதுவே பெரிது. இந்நிலையில் மண்ணும் வெயிலும் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே கீரை வளர்க்கும் அலமாரிகள் விற்பனைக்கு வந்துள்ளன. கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியும், அடியில் தண்ணீர் ஓடும், நடுவில் பச்சைப்பசேலென்று செடி நிற்கும். "சார், இதை வாங்கலாமா? காசுக்கு ஏத்த பலன் இருக்குமா?" என்று சங்கத்துக் கூட்டங்களில் என்னைப் பலரும் கேட்கிறார்கள். நான் வேதியியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். இரண்டு ஆண்டுகளாக என் வீட்டு மாடியறையில் இப்படியொரு பெட்டி ஓடிக்கொண்டும் இருக்கிறது. ஆகவே நின்றபடி ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்காமல், மலர்க் கட்டுரையாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஆசை மட்டுமன்றி அச்சமும் இருக்கிறது. நாம் அன்றாடம் வாங்கும் கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா ஆகியவற்றில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து லாரியேறி வருகிறது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி ஆய்வகம் சந்தைக் காய்கறிகளில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறதா என்று சோதித்துப் பல ஆண்டுகளாக அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அவற்றில் இந்த இலைகளின் பெயர் திரும்பத் திரும்ப வந்ததுண்டு. 2015-இல் இது கேரளம் முழுதும் பெரிய பேச்சாக இருந்தது. "உங்க ஊர்க் காய்கறியெல்லாம் விஷமாமே" என்று பக்கத்து வீட்டார் கேட்கும்போது, பிறந்த ஊரையும் விட்டுக்கொடுக்க முடியாமல், பிள்ளைகளின் உடம்பையும் நினைத்துக் கலங்கி நிற்பது நம்மவர்தாம். அந்தக் கலக்கத்துக்கு இப்பெட்டி மருந்தாகுமா என்பதுதான் உண்மையான கேள்வி.

செடி எதைத் தின்று வளர்கிறது?

மண்தான் செடியின் உணவு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெல்ஜியம் பகுதியைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட் என்பவர் இதைச் சோதித்துப் பார்த்தார். 200 பவுண்டு உலர்ந்த மண்ணை ஒரு தொட்டியில் இட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு வளர்ந்தது. மண்ணை மீண்டும் உலர்த்தி நிறுத்துப் பார்த்தால் குறைந்திருந்தது இரண்டே அவுன்ஸ்! இந்தக் கணக்கு 1648-இல் அச்சில் வந்தது.

மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். அது பாதி உண்மைதான். மறுபாதி காற்றில் இருந்தது. 1779-இல் யான் இங்கன்ஹவுஸ் இலைகளின் செயலுக்கு வெளிச்சம் தேவை என்று காட்டினார். செடியின் உலர்ந்த எடையில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கு கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்றும்தான். இவை காற்றிலும் தண்ணீரிலும் இருந்து வருகின்றன. இவற்றை ஒட்டிச் சேர்த்து உடம்பாக்கும் சக்தி வெளிச்சம். மீதியுள்ள சிறு பங்கைத்தான் வேர் உப்பு வடிவில் உறிஞ்சுகிறது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கால்சியம், மக்னீசியம், கந்தகம் ஆகிய ஆறும் சற்றுக் கூடுதலாக வேண்டும். இரும்பு, மாங்கனீஸ், துத்தநாகம், செம்பு, போரான், மாலிப்டினம், குளோரின், நிக்கல் ஆகிய எட்டும் துளித்துளி போதும். ஆக மொத்தம் 17 தனிமங்கள்.

அப்படியானால் மண்ணின் வேலை என்ன? வேருக்குப் பிடிப்புத் தருவது, ஈரத்தைத் தேக்கி வைப்பது, காற்றை விடுவது, இந்த உப்புகளைச் சிறுகச் சிறுகக் கொடுப்பது. மண்ணை ஒரு நல்ல கடைக்காரர் என்று சொல்லலாம். சரக்கை நேராகவே கொடுத்துவிட்டால் கடை இல்லாமலும் செடி பிழைக்கும். 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியில் சாக்ஸ், நாப் என்ற இரு அறிஞர்கள் உப்புக் கரைசலில் மட்டும் செடி வளர்த்துக் காட்டினார்கள். கலிஃபோர்னியாவின் கெரிக் 1930-களில் இதை விவசாய முறையாக்க முயன்றார். 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயர் 1937-இல் அவர் மூலம் அச்சேறியது. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோக்லண்டும் ஆர்னனும் 1938-இல் கரைசல் முறையை விளக்கி ஒரு சிறுநூல் வெளியிட்டனர். நல்ல மண்ணைவிட இம்முறை இயல்பிலேயே அதிக விளைச்சல் தந்துவிடாது என்று அவர்களே அதில் சொல்லிவிட்டார்கள். இன்றைய விளம்பரங்களைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. ஷோல்டோ டக்ளஸ் என்பவர் 1946-47-இல் டார்ஜிலிங் மாவட்டத்துக் காலிம்போங் பகுதியில் சோதனை செய்து, விலையுயர்ந்த கருவிகள் இல்லாமல் சரளையும் மணலும் நிரப்பிய தொட்டிகளில் பயிர் வளர்க்கும் முறையை உருவாக்கினார். 'வங்காள முறை' என்ற பெயரில் அது 1951-இல் நூலாக வந்தது. ஆகவே இது நேற்று முளைத்த வித்தையன்று.

முளைப்பாரியும் கண்ணாடிப் பெட்டியும்

வீட்டுக்குள் பயிர் வளர்ப்பது நமக்கு முற்றிலும் புதிதா? முளைப்பாரியை நினைத்துப் பாருங்கள். மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்து அம்மன் கோயில் திருவிழாக்களுக்கு, வெளிச்சம் புகாத அறையில் சட்டிகளில் நவதானியம் விதைத்து, தண்ணீர் தெளித்து முளைப்பாரி வளர்க்கிறார்கள். சில நாளில் முளை நீளநீளமாக, வெளிர்மஞ்சளாக எழுந்து நிற்கும். பார்க்க அழகு. ஆனால் அது உண்மையில் வளர்ச்சியன்று, செலவு. வெளிச்சம் இல்லாததால் முளை தனக்கு உணவு தயாரிக்கவில்லை. விதைக்குள் தாய்ச்செடி கட்டிக்கொடுத்த சோற்றை உண்டே உயர்கிறது. அது தீர்ந்தால் சாய்ந்துவிடும். எந்த அலமாரிப் பயிருக்கும் முதல் பாடம் இதுதான். உரக்கரைசல் எவ்வளவு உயர்ந்ததானாலும் வெளிச்சம் போதாவிட்டால், நாம் வளர்ப்பது விலையுயர்ந்த முளைப்பாரி மட்டுமே.

மூடிய பெட்டிக்கும் ஒரு பழைய கதை உண்டு. 1829-இல் இலண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு, மூடிய கண்ணாடிப் போத்தலுக்குள் ஒரு பெரணிச் செடி தானாக முளைத்து வாழ்வதைக் கண்டார். இலை விடும் ஈரம் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்கியது. அதைப் பெரிதாக்கிக் கண்ணாடிப் பெட்டி செய்தார். அதன் பின் கடற்பயணத்தில் உப்புக்காற்று படாமல் செடிகளைக் கொண்டுபோக வழி பிறந்தது. 1860-61-இல் தென் அமெரிக்காவிலிருந்து நீலகிரிக்கு வந்த சிங்கோனாக் கன்றுகளும், 1876-இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து இலங்கைக்கு வந்த ரப்பர் கன்றுகளும் இத்தகைய பெட்டிகளில் பயணம் செய்தவைதாம். மலைத்தோட்டங்களில் உழைத்த தமிழர் வரலாற்றிலும் அந்தப் பெட்டிக்கு ஓரிடம் உண்டு. ஆனால் அது வெயிலில் வைக்கப்பட்ட பெட்டி. இன்றைய அலமாரியில் வெயிலையும் நாமே செய்ய வேண்டியிருக்கிறது.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

முதலில் விளக்கு. எல்.இ.டி. விளக்கின் நீலமும் சிவப்பும்தான் இலைக்கு முக்கியம். வெள்ளை எல்.இ.டி.யிலும் இவை உண்டு, ஆகையால் ஊதா வெளிச்சம் கட்டாயமில்லை. ஒரு டைமர் வைத்து நாளுக்கு 12 முதல் 16 மணி நேரம் எரியவிடுவார்கள்.

அடுத்து கரைசல். கடையில் 'ஏ', 'பி' என்று இரண்டு புட்டிகளாகத் தருவார்கள். "ரெண்டையும் ஒண்ணா ஊத்தி வெச்சுட்டா வேலை மிச்சம்தானே?" என்று கேட்டார் ஓர் அன்பர். கூடாது. ஒன்றில் கால்சியம் இருக்கிறது, மற்றதில் சல்ஃபேட்டும் பாஸ்பேட்டும். திக்காகக் கலந்தால் சுண்ணாம்பு போல் அடியில் படிந்துவிடும், செடிக்குக் கிடைக்காது. முதலில் ஒன்றைத் தண்ணீரில் கரைத்து, பிறகு மற்றதைச் சேர்க்க வேண்டும்.

கரைசலின் காரஅமிலத் தன்மை, அதாவது பி.எச்., 5.5-க்கும் 6.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். 7-ஐத் தாண்டினால் இரும்புச் சத்து கிடைப்பது குறைந்து, இளந்தளிர் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறும். உப்பின் அளவை ஈ.சி. மீட்டர் காட்டும். கீரைகளுக்கு 1.2 முதல் 2 மில்லிசீமென்ஸ் வரை போதும்.

மூன்றாவது காற்று. வேரும் மூச்சு விடுகிறது. மீன் தொட்டிக்கு வைக்கும் சிறு காற்றுப் பம்பே போதுமானது. சில பெட்டிகளில் குழாய் வழியே மெல்லிய நீரோட்டம் மட்டும் ஓடும். கரண்டு போனால் அவற்றில் வேர் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். வேர் தண்ணீரிலேயே மிதக்கும் தொட்டி வகை இன்னும் சற்று நேரம் தாங்கும். நம் ஊர்க் கரண்டு நிலைக்குத் தொட்டி வகையே ஏற்றது என்பது என் கருத்து.

மட்டாஞ்சேரியின் தண்ணீரும் வெக்கையும்

நாம் இருக்கும் ஊர் செடிகளுக்குப் பஞ்சப்பட்ட ஊரன்று. டச்சுக்காரர் காலத்தில் வான் ரீடின் ஏற்பாட்டில் இதே கொச்சியில் தொகுக்கப்பட்டு, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சான 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' பன்னிரண்டு தொகுதிகள் கொண்டது. ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும் கொங்கணி வைத்தியர் மூவரும் அதற்கு அறிவு தந்தவர்கள். ஆனாலும் அலமாரிப் பயிருக்கு இவ்வூரில் மூன்று தடைகள் உண்டு.

ஒன்று, உப்பு. காயலும் கடலும் சூழ்ந்த இப்பகுதியில் கிணற்று நீரில், மலையாளத்தில் 'ஓரு' என்கிறார்களே, அந்த உவர் கலந்திருக்கும். உரம் போடுமுன்பே மீட்டர் 1.5 காட்டினால், அந்த உப்பில் பெரும்பகுதி செடிக்கு வேண்டாத சோடியம் குளோரைடு. அதன் மேல் உரத்தையும் போட்டால் வேர் தண்ணீரை இழுக்க முடியாமல் திணறும். மேற்குக் கொச்சிக்குப் பெரியாறு, மூவாற்றுப்புழை ஆறுகளிலிருந்து வரும் குழாய்நீர் பரவாயில்லை, ஆனால் கோடையில் அதற்கே தட்டுப்பாடு. என் பரிந்துரை மழைநீர். கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. முதல் மழையில் கூரை கழுவிப் போகவிட்டு, பிறகு பிடித்து மூடி வைத்தால் உப்பே இல்லாத தண்ணீர் கிடைக்கும். ஒரு சிறிய பெட்டிக்கு வாரத்துக்கு ஒன்றிரண்டு குடம் போதும்.

இரண்டு, வெக்கை. 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 பாகையில் 7.5 மில்லிகிராம்தான். வெதுவெதுப்பான, காற்றுக் குறைந்த தண்ணீரில் பித்தியம் என்ற நுண்ணுயிர் வேரை அழுகச் செய்யும். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாகி, வழுவழுப்பாகி, நாறத் தொடங்கினால் அதுதான் நோய். தொட்டியைத் தரையோடு, சுவரோர நிழலில் வைப்பதும், விளக்கை இரவில் எரியவிட்டுப் பகலில் அணைப்பதும் உதவும். செடிக்கு இரவு பகல் பேதம் நாம் சொல்வதுதானே!

மூன்று, ஈரக்காற்று. மழைக்காலத்தில் மூடிய பெட்டிக்குள் காற்று நனைந்த துணி போலிருக்கும். இலை ஈரத்தை வெளியேற்ற முடியாதபோது கால்சியம் நுனிக்கு ஏறாது, தளிரின் ஓரம் கருகும். ஒரு சிறு விசிறி அவசியம். கதவைத் திறந்து வைத்தாலும் குற்றமில்லை.

இவற்றோடு கொசுவையும் சேர்க்க வேண்டும். டெங்கு பரப்பும் கொசு வீட்டுக்குள் தேங்கிய நல்ல தண்ணீரிலும் முட்டையிடும். தொட்டியில் ஓர் ஓட்டையும் திறந்திருக்கக் கூடாது. வெளிச்சம் புகாமல் மூடினால் பாசியும் பிடிக்காது. இதில் அலட்சியம் காட்டினால் கீரைக்குப் பதில் காய்ச்சலை வளர்த்தவர்களாவோம்.

எது வளரும், எது வளராது?

கடைக்காரர் தரும் விதைப் பொட்டலத்தில் லெட்டூஸும் பேசிலும் இருக்கும். லெட்டூஸ் குளிர்ந்த இடத்துப் பயிர். நம் வெக்கையில் பூத்தண்டு விட்டுக் கசந்துவிடும். நமக்கேற்றவை வேறு.

வெந்தயக்கீரை மிக எளிது, மூன்று வாரத்துக்குள் பறிக்கலாம். பொன்னாங்கண்ணி, புதினா, கொடிப்பசலை மூன்றையும் தண்டு ஒடித்துத் தண்ணீரில் வைத்தாலே வேர் விடும். நம் அலமாரிக்கு வெக்கையைப் பொறுக்கும் கொடிப்பசலையைப் போல் துணை வேறில்லை. தண்டுக்கீரை, இங்கே 'சீரை' என்கிறார்களே அது, வளரும். ஆனால் கடும் வெயிலுக்குப் பழகிய பயிர், விளக்கு போதாவிட்டால் நெட்டையாகிச் சாயும். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்துப் போட வேண்டும். வெளிச்ச நேரம் நீண்டால் சீக்கிரம் பூத்துவிடும், ஆகவே அதற்கு 12 மணி நேரத்துக்குமேல் வேண்டாம்.

கறிவேப்பிலை? அதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அது மரம். அலமாரியில் வைத்தால் நோஞ்சானாக நிற்கும். மொட்டை மாடியில் வெயில் படும் ஒரு தொட்டியில் மண்ணிலேயே வையுங்கள். முருங்கை, வாழை பற்றிப் பேசவே வேண்டாம்.

பூச்சிமருந்து அச்சத்துக்கு வருவோம். கதவுள்ள அலமாரியில் பூச்சி குறைவு, மருந்தடிக்கத் தேவையில்லை. இது உண்மையான நன்மை. ஆனால் 'மருந்தில்லை' என்பதால் 'குறையில்லை' என்றாகாது. வெளிச்சம் குறைந்து உரம் கூடினால் இலையில் நைட்ரேட் தேங்கும். விளக்கு நேரம் முடியும் தறுவாயில் பறிப்பதும், கடைசி இரண்டு மூன்று நாள் உரமில்லாத தண்ணீரில் நிறுத்துவதும் அதைக் குறைக்கும். கடையில் வாங்கும் இலைகளுக்கோ, புளிக்கரைசலில் சற்று நேரம் ஊறவைத்து நல்ல தண்ணீரில் அலசும் எளிய வழியை வெள்ளாயணி ஆய்வாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பெட்டியே வேண்டாம்.

கரண்டுக் கணக்கு

இப்போது காசு. என் பெட்டியில் 100 வாட் விளக்கு 14 மணி நேரம் எரிகிறது, 1.4 யூனிட். பம்பும் விசிறியும் சேர்ந்து கால் யூனிட். நாளுக்கு 1.65, மாதத்துக்குச் சுமார் 50 யூனிட், இரண்டு மாத மின்பில்லில் 100 யூனிட். நம் மின்வாரியத்தில் உபயோகம் ஏற ஏற வீதமும் ஏறும் என்பதை எல்லோரும் அறிவோம். பலன், நால்வர் உள்ள குடும்பத்துக்கு வாரம் இரண்டு வேளைக் கீரைப் பொரியல். கிலோவுக்குக் கணக்கிட்டால் 15 முதல் 20 யூனிட் வருகிறது.

"கீரை வருதே, நெல்லும் போடலாமே சார்?" என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. ஒரு கிலோ அரிசியில் சுமார் 3,500 கலோரி, அதாவது 4 யூனிட் கரண்டுக்குச் சமமான சக்தி அடங்கியிருக்கிறது. நாம் கொடுக்கும் கரண்டில் நூற்றுக்கு இரண்டு பங்கு செடியின் உடம்பில் சேர்வதாகத் தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 200 யூனிட் வேண்டும். அதிலும் பாதி வைக்கோலுக்குப் போகும், ஆக 400 யூனிட். ஒரு கிலோ அரிசிக்கு! கீரை பெரும்பாலும் தண்ணீர், அதில் சக்தி கொஞ்சம், சத்து அதிகம். அதனால்தான் இப்பெட்டியில் கீரை மட்டும் கட்டுப்படியாகிறது.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் தஞ்சாவூர் வயலின் மேல் விழும் வெயிலுக்கு இதுவரை யாரும் பில் அனுப்பவில்லை என்பது எனக்கு உறைத்தது. வெயில், மழை, காற்று, மண்ணின் நுண்ணுயிர்கள் இவையனைத்தும் இலவசமாகச் செய்யும் வேலையை அலமாரி ஒவ்வொன்றாகப் பிரித்து விலை போட்டுக் காட்டுகிறது. ஒட்டன்சத்திரத்துச் சந்தையில் மூட்டை இறக்கும் விவசாயிக்கு நாம் கொடுக்கும் விலை, அந்த இலவசத்தின் மேல் அவர் போடும் உழைப்புக்கு மட்டுமே.

ஆகவே என் பதில்

வேலை நேரம் ஒத்துவருமானால், தண்ணீரை மூடிவைக்கும் ஒழுக்கம் உண்டானால், பெட்டி வையுங்கள். ஆனால் எடுத்த எடுப்பில் விலையுயர்ந்த அலமாரி வாங்காதீர்கள். ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்டு கிராட்கி எளிதாக்கிய ஒரு முறை உண்டு. மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா, மூடியில் ஓட்டை, அதில் தேங்காய்நார்த் துகள் நிரப்பிய வலைக்கிண்ணம், அடியில் கரைசல். பம்பு வேண்டாம். செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும், மேல்வேர் காற்றில் மூச்சுவிடும். வெயில் வரும் ஜன்னலோரம் வைத்தால் கரண்டும் வேண்டாம். ஓட்டையைச் சுற்றி இடுக்கு விடாமல் அடைத்து, ஒரு போகம் வெந்தயக்கீரை எடுத்துப் பாருங்கள். கை பழகிவிட்டால் பிறகு அலமாரியைப் பற்றி யோசிக்கலாம்.

மாடி உள்ளவர்கள் வெயிலை விட்டுவிட்டு விளக்கு போடாதீர்கள். கிருஷிபவன் மூலம் பரவிய குரோபேக் முறை நமக்கும் உரியதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளைகளை இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகளில் பலர் வயலை ரயில் ஜன்னலில் மட்டும் பார்த்தவர்கள். மீட்டரைப் படிக்கவும், வேரின் நிறத்தைப் பார்க்கவும், கரண்டு பில்லைக் கணக்கிடவும் அவர்களிடமே விடுங்கள். ஒரு கட்டுக் கீரை உண்டாக என்னென்ன வேண்டியிருக்கிறது என்று தன் கையால் கணக்கெழுதிய பிள்ளை, சந்தைக் கீரையைக் குறை சொல்லுமுன் அதை விளைவித்தவரையும் ஒரு நிமிடம் நினைக்கும். பக்கத்து வீட்டார் கேட்கும் கேள்விக்கும் அச்சமின்றி, ஆத்திரமின்றிப் பதில் சொல்லும்.